கருத்தடைச் செலவுக்கு மெடிக்கல் கார்டு உதவுமா?

மாதந்தோறும் மெடிக்கல் கார்டுக்குப் பணம் கட்டுவதால் கருத்தடை ஊசிக்கும் காப்பர் டி-க்கும் அது கைகொடுக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. மலேசியாவில் விற்கப்படும் பெரும்பாலான தனியார் மருத்துவக் காப்புறுதிகளில் அப்படி இல்லை. ஒப்பந்தத்தின் விலக்குப் பட்டியலில் கர்ப்பம், பிரசவம், கருச்சிதைவு ஆகியவற்றோடு கருத்தடையும் சேர்ந்தே இருக்கும். மாத்திரையோ அறுவை சிகிச்சையோ, சொந்தப் பணம்தான். கையெழுத்திடும் முன் முகவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்வது நல்லது; பலர் தாமாகக் காட்டுவதில்லை.

அரசாங்க சுகாதார கிளினிக்குகளில் மைகார்டு உள்ளவர்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி. குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவையும் அங்கேயே உண்டு. 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் கிளினிக்குகளையும் நாடலாம்.

தோட்டத்துப் பெண்களுக்கு மருந்தின் விலையைவிடப் பெரிய செலவு, டவுனுக்குப் போய்வரும் வண்டிக்கூலியும் இழக்கும் ஒரு நாள் சம்பளமும். வழக்கமான ஊசியை 3 மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். கையில் பொருத்தும் இம்பிளான்ட் குறைந்தது 3 ஆண்டுகளுக்கும், காப்பர் டி-யில் சில வகை 10 ஆண்டுகள் வரையும் பலன் தரும். எல்லா முறையும் எல்லா கிளினிக்கிலும் இருக்காது. குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் நாளிலேயே தாதியிடம் இதையும் கேட்டுக்கொள்ளலாம்.