வேண்டுதலும் மேடையும்

கம்மாபுரத்தில் நான் பார்த்த முதல் கூத்தை முழுசாகப் பார்க்கவில்லை. ஆயா சாக்கை விரித்து முன்னால் இடம் பிடித்திருந்தாள். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் துரியோதனன் சலங்கை குலுங்க நின்றுகொண்டு கட்டியக்காரனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். திரை விலகுமுன் அப்பா வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார். பள்ளிக்கூட வாத்தியார் மகன் கூத்தாடி முன்னால் உட்காரக் கூடாது. கூத்து ஜமாவை நடத்துகிறவருக்கும் வாத்தியார் என்றுதான் பெயர் என்பது அப்பாவுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் அதிகமாயிருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஓர் ஊரின் ஆட்டம் ஊரைவிட்டுப் போகும்போது எதைத் தன்னோடு எடுத்துப் போகிறது என்று யோசித்தால், எனக்கு அந்த விலகாத திரையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

தென்னார்க்காட்டுக் கூத்து தனியாக நிற்கிற கலை அல்ல. திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவின் ஓர் அங்கம். பகலில் பாரதப் பிரசங்கம். இரவில் அதே கதை கூத்தாக விடியும்வரை. அர்ச்சுனன் தபசன்று நடிகன் பாட்டுப் பாடிக்கொண்டே தபசு மரம் ஏறுவான். கீழே நிற்பவர்கள் அவன் மேலிருந்து எறிகிற எலுமிச்சம்பழத்துக்கும் விபூதிக்கும் மடியேந்துவார்கள். கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தின் தொடை பிளக்கப்பட்டு, பாஞ்சாலி கூந்தலை முடிக்கிறாள். அன்று மாலை தீமிதி. பார்வையாளன், பக்தன் என்ற பிரிவு இங்கே கிடையாது. தூங்கி விழுகிறவனும் அந்தச் சடங்குக்குள்தான் இருக்கிறான்.

இந்தச் சடங்கு கப்பலேறியது. 1848இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கூலிகளைத் திரட்டினார்கள். 1860லும் 61லும் பிரிட்டனோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களுக்குப் பின் பிரிட்டிஷ் இந்தியாவிலும் சட்டப்படி ஆள் பிடிக்க வழி பிறந்தது. ரெயூனியன் தீவுக்கு ஆள் அனுப்புவதை 1882இல் பிரிட்டிஷ் அரசு நிறுத்தியது. ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை.

அவர்கள் சந்ததியார் தமிழ் பேசுவதை விட்டுவிட்டார்கள். வீட்டில் பேசுவது கிரியோல். ஆனால் பாஞ்சாலியை விடவில்லை. 'பாண்டியாலே' என்ற பெயரில் அவளுக்கு அங்கே தீமிதி நடக்கிறது. 'நாடகம்' என்ற சொல் தேய்ந்து 'நார்ல்கோன்' ஆகி, விடியும்வரை ஆடப்படுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'பால் தமூல்', தமிழ் நடனம். அதை நடத்துகிறவர் 'வர்த்தியால்'. அந்தச் சொல்லை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். அப்பா தனக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்த வாத்தியார் பட்டம், இந்துமகா சமுத்திரத்தின் மறுகரையில் கூத்தாடியிடம் பத்திரமாக இருந்திருக்கிறது.

சிங்கப்பூரில் வேறு விதமாக நடந்தது. 1827இல் நாராயண பிள்ளை தொடங்கிய மாரியம்மன் கோயிலுக்கு ஆரம்ப நாட்களில் வந்தவர்களில் கடலூர், நாகப்பட்டினம் பக்கத்தவர்கள் அதிகம். அங்கே தீமிதி நகரத்தின் பெருவிழாவாக நிலைத்தது. ஆனால் ஊரில் அதற்கு முன் பல இரவுகள் ஓடுகிற கூத்து அதே அளவில் வேரூன்றவில்லை.

இதற்கு நேர்மாறான பயணம் ஒன்றும் உண்டு. உக்ரேனிய விவசாயிகள் 1891 முதல் கனடாவில் குடியேறினார்கள். கல்யாணத்திலும் வசந்த விழாவிலும் ஆடிய ஆட்டங்கள் அவர்களோடு போயின. ஆனால் இன்று உலகம் உக்ரேனிய நடனம் என்று அடையாளம் கண்டுகொள்வது அதை அல்ல. தோற்ற சேனையின் வீரர்கள் அடைக்கப்பட்டிருந்த போலந்து முகாமில், 1921இல் வசில் அவ்ரமென்கோ ஒரு நடனப் பள்ளி ஆரம்பித்தார். 1925இல் கனடா போனார். ஊர் ஊராகக் குடியானவர் பிள்ளைகளுக்கு வரிசை கட்டி ஆடக் கற்பித்து மேடை ஏற்றினார். தேசம் இழந்தவர்களுக்கு அந்த மேடையே தேசமாயிற்று. அதே சமயத்தில் சோவியத் உக்ரேனிலும் 1937இல் அரசு நடனக் குழு ஒன்று அமைந்தது. அரசியலில் ஒருவரையொருவர் வெறுத்த இரு தரப்பும் ஒரே சிவப்புப் பூட்ஸைத்தான் அணிந்து ஆடின. மேடை கொடுக்கும் அடையாளம் அவ்வளவு சௌகரியமானது. யாரும் எடுத்து மாட்டிக்கொள்ளலாம்.

நமக்கும் அந்தச் சௌகரியம் தெரியும். 1930களில் சதிரைக் கோயிலிலிருந்தும் அதன் பெண்களிடமிருந்தும் பிரித்து, பரதநாட்டியம் என்று பெயரிட்டோம். 1936இல் கலாக்ஷேத்ரா வந்தது. 1947இல் தேவதாசி முறையைச் சட்டம் தடுத்தது. 1981இல் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி தொடங்கி, ஆட்டம் கோயிலுக்கே திரும்பியது. அதை அங்கே ஆடி வந்த வம்சம் திரும்பவில்லை. சிதம்பரத்துக்கு எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ்தான். கூத்துக்கு அந்த பஸ்ஸில் யாரும் இடம் போடவில்லை.

பிற்பாடு நாம் போட்டோம். ந. முத்துசாமி புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைக் கண்டு வியந்து எழுதினார். 1977இல் கூத்துப்பட்டறை பிறந்தது. அதன் மதிப்பைக் குறைக்க எனக்கு உத்தேசமில்லை. அந்த எழுத்தைப் படித்துத்தான் நானே வெட்கம் விட்டுக் கூத்துப் பார்க்கப் போனேன். ஆனால் என்ன பார்த்தேன்? அடவு பார்த்தேன், கிரீடமும் புஜக்கட்டையும் பார்த்தேன், திரைக்குப் பின்னிருந்து வரும் குரலில் பிரெக்டைத் தேடினேன். பக்கத்தில் ஒரு கிழவி பாஞ்சாலி வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குக் கை எழவில்லை. அப்பா என்னை இழுத்துப் போனது வெறுப்பினால். நான் திரும்பி வந்தது ரசனையினால். இரண்டுக்கும் இடையே ஆயாவின் சாக்கு காலியாகவே கிடந்தது.

தீவில் ஆடுகிறவர்களுக்கு வார்த்தைகளின் அர்த்தம் பெரும்பாலும் தெரியாது; நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்ததை மனனம் செய்து விடியும்வரை பாடுகிறார்கள். இது பொருளை இழந்த பழக்கம் என்று ஒரு விமர்சகன் சுலபமாகச் சொல்லிவிடலாம். நான் சொல்லத் தயாரில்லை. ஒவ்வொரு வார்த்தையும் புரிகிற எனக்குப் பல நாள் இரவு இரண்டு மணிக்கே தூக்கம் வந்துவிடுகிறது.

மேடை ஆட்டத்தைக் காப்பாற்றும். அதற்குப் பார்ப்பவர்கள் போதும். வேண்டுதல் ஆட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமானால், அது நடக்காவிட்டால் ஏதோ கெட்டுவிடும் என்று நம்புகிற சிலராவது வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் அவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூத்தைப் பற்றி எழுதுகிற நாம் அவர்களில் சேர்த்தி இல்லை என்பதை மட்டும் எழுதும்போது மறக்காமலிருக்கலாம்.