சித்திரக்கதை: எங்கிருந்து தொடங்குவது

கவிதை வாசிக்கிற நண்பர் ஒருவர், சித்திரக்கதை சித்திரக்கதை என்று பேசிக்கொள்கிறார்களே, அதில் எதைப் படிக்கலாம், எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டார். கேள்வியில் கொஞ்சம் சங்கோஜம் இருந்தது. பத்து வயதில் விட்டு வந்த ஒன்றுக்குத் திரும்பிப் போவதில் இருக்கிற சங்கோஜம். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியபோது அதன் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றுக்காக பார்ஸிலோனாக்காரரான ஜெஸூஸ் பிளாஸ்கோ வரைந்த சித்திரங்கள் அவை. மின்சாரம் பாய்ந்ததும் கை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் மறைந்துபோகிற அந்த மனிதனோடு வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆனால் பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளையைப் பற்றி, வளர்ந்த பிறகு நாம் பேசியது அபூர்வம். படித்ததை மறந்ததால் அல்ல. படம் பார்ப்பது படிப்பதற்கு முந்திய பருவம் என்ற ஒரு நம்பிக்கையை நாம் பரிசோதிக்காமலே வைத்திருக்கிறோம்.

நண்பருக்குப் பட்டியல் கொடுப்பது எளிது. பரிசு பெற்றவை, அதிகம் விற்றவை என்று கடைக்காரரே கொடுத்துவிடுவார். பட்டியலால் ரஸனை உண்டாவதில்லை. இந்த உருவம் எதற்காகத் தோன்றியது, எங்கே தடைபட்டது, யார் கையில் பிழைத்தது என்பது தெரிந்தால், எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு விடை தானாக வரும்.

1

1766இல் லெஸ்ஸிங் 'லாவோக்கூன்' என்ற நூலில் ஓவியத்துக்கும் கவிதைக்கும் வேலி போட்டார். ஓவியம் இடத்தில் இருப்பது, கவிதை காலத்தில் நகர்வது; ஒன்று மற்றதன் வேலையைச் செய்யப் போனால் இரண்டும் கெடும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஐரோப்பிய விமர்சனத்தின் பலமான வேலிகளில் இது ஒன்று. இதைத் தாண்டியவர் கலைப் புரட்சி எதையும் அறிவித்தவர் இல்லை. ஜெனிவாவில் பள்ளி விடுதி நடத்திக்கொண்டிருந்த ரொடோல்ஃப் டோப்ஃபர் என்ற ஆசிரியர். ஓவியரின் மகன்; தானும் ஓவியனாக வேண்டும் என்றிருந்தவர்; கண் நோய் அதற்கு இடம் தரவில்லை. 1827 வாக்கில் தன் மாணவர்களைச் சிரிக்க வைப்பதற்காகக் கோட்டுப் படங்களை வரிசையாக வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் தன் கையெழுத்திலேயே ஓரிரு வரிகள் எழுதினார். இந்தக் கையெழுத்துப் பிரதிகள் சில முதிய கெதேயிடம் போயின. அவர் பாராட்டினார். அந்தத் தைரியத்தில் டோப்ஃபர் 1830களில் அவற்றை அச்சிட்டார்.

அவர் தன் வேலையைப் பற்றிச் சொன்னது முக்கியமானது. எழுத்து இல்லாவிட்டால் படம் தெளிவற்றுப்போகும், படம் இல்லாவிட்டால் எழுத்துக்கு அர்த்தமே இராது என்றார். எழுத்துக்குப் படம் அலங்காரம் இல்லை, படத்துக்கு எழுத்து விளக்கம் இல்லை. இரண்டும் சேர்ந்து மூன்றாவது ஒன்றாகிறது. ஒரு கட்டத்தில் ஒருவன் கயிற்றை எடுக்கிறான், அடுத்த கட்டத்தில் கயிறு அறுந்து கிடக்கிறது என்றால், நடுவில் நடந்ததை வரைந்தவர் வரையவில்லை, வாசகன் வரைந்துகொள்கிறான். இரண்டு கட்டங்களுக்கு நடுவே விடப்படுகிற வெள்ளைதான் இந்தக் கலையின் காலம். வரிக்கும் வரிக்கும் நடுவில் கவிஞன் விடுகிற மௌனத்தோடு பழகியவருக்கு இது புதிதல்ல.

பிறகு நடந்தவற்றை வேகமாகத் தாண்டலாம். 1890களில் நியூயார்க்கில் புலிட்சரும் ஹெர்ஸ்ட்டும் பத்திரிகை விற்பனைக்காகப் போட்டியிட்டபோது சித்திரத் தொடர் ஞாயிற்றுக்கிழமைச் சரக்காயிற்று. அந்தச் சந்தையிலும் வின்ஸர் மக்கே 1905இல் 'லிட்டில் நீமோ'வைத் தொடங்கினார். ஜார்ஜ் ஹெரிமன் 1913 முதல் 1944இல் சாகும்வரை 'க்ரேஸி காட்' வரைந்தார். 1919இல் பெல்ஜியரான ஃபிரான்ஸ் மாஸரீல் சொல்லே இல்லாமல் மரச்செதுக்கில் நாவல் செய்தார். 1930களின் இறுதியில் மாயசக்தி வீரர்கள் வந்தார்கள். கலை, வியாபாரம் என்ற இரண்டும் ஒரே காகிதத்தில் அச்சாகிக்கொண்டிருந்த காலம் அது.

2

தடை 1954இல் வந்தது. அதைக் கொண்டுவந்தவரைப் பற்றி நாம் நிதானமாக யோசிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவர் மூடர் அல்லர்.

மனநல மருத்துவர் ஃபிரெடரிக் வெர்தம் 1946இல் ஹார்லமில், ஒரு தேவாலயத்தின் நிலவறையில், கறுப்பினத்தவர்களுக்காக ஒரு மருத்துவ நிலையம் தொடங்கினார். நாவலாசிரியர் ரிச்சர்ட் ரைட் அதற்குத் துணை நின்றார். கட்டணம் 25 சென்ட். மார்க்ஸின் மருமகன் லஃபார்க்கின் பெயரை அதற்கு வைத்தார்கள். பள்ளிகளில் இனவாரியாகப் பிரித்து வைப்பது குழந்தைகளின் மனத்தை என்ன செய்கிறது என்று வெர்தம் அளித்த சாட்சியம், பள்ளிப் பிரிவினையை 1954இல் ஒழித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் போய்ச் சேர்ந்த வழக்குகளில் ஒன்றில் இடம்பெற்றது. அதே 1954இல்தான் அவர் காமிக்ஸுக்கு எதிரான தன் நூலையும் வெளியிட்டார். குற்றம் செய்யும் சிறுவர்கள் காமிக்ஸ் படிக்கிறார்கள், ஆகவே காமிக்ஸ் குற்றத்தை வளர்க்கிறது என்பது வாதத்தின் எலும்புக்கூடு. அன்று எல்லாச் சிறுவர்களும் காமிக்ஸ் படித்தார்கள் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அவருடைய காகிதங்கள் 2010இல் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டபின் காரல் டில்லி என்ற ஆய்வாளர் அவற்றைப் பரிசோதித்து, சிறுவர்களின் வாக்குமூலங்களை வெர்தம் மாற்றியும் கலந்தும் எழுதியிருப்பதை 2012இல் வெளியிட்டார். நல்ல காரியத்துக்காகத்தான் அப்படிச் செய்தோம் என்று அவர் நம்பியிருக்கவும் கூடும்.

செனட் குழு விசாரித்தது. பயந்துபோன பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதியை 1954 இறுதியில் போட்டுக்கொண்டார்கள். வெர்தம் கேட்டது இதையல்ல. சிறுவர்களுக்கு விற்பதைச் சட்டம் தடுக்க வேண்டும் என்றே அவர் கேட்டார். ஆனால் அவர் மூட்டிய தீயில் வெந்தது இது. முத்திரை இல்லாத இதழை விநியோகஸ்தர்கள் தொடத் தயங்கினார்கள். ஈ.ஸி. என்ற பதிப்பகம், ரோபோக்கள் நிறத்தால் பிரிந்து வாழும் ஒரு கிரகத்துக்குப் பூமியிலிருந்து ஒரு பரிசோதகர் போகும் கதையை மறுபடி வெளியிட முயன்றது. கடைசிக் கட்டத்தில் அவர் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார், கறுப்பினத்தவர். தணிக்கை அதிகாரி அவர் கறுப்பராக இருக்கக்கூடாது என்றார். பதிப்பாளர் கெய்ன்ஸ் பணியாமல் 1956இல் அப்படியே வெளியிட்டார். அந்தப் பதிப்பகம் போட்ட கடைசிக் காமிக்ஸ் இதழாகவும் அது ஆயிற்று. பிரிவினைக்கு எதிராகச் சாட்சி சொன்ன மனிதரின் இயக்கத்தில் பிறந்த விதி, பிரிவினைக்கு எதிரான கதையின் கழுத்தைப் பிடித்தது. விமர்சனம் என்ற பெயரில் நாம் செய்கிற காரியங்களுக்கு இது ஒரு பாடம். தரக்குறைவு எது என்று சொல்லுவது விமர்சகனின் வேலை. ஒரு உருவத்தையே தரக்குறைவு என்று சொல்லிவிட்டால், அதில் நல்லது எதிர்ப்பட்டாலும் காணக் கண் இராது.

3

வெர்தம் காணாதது எது என்பதற்கு ஒரு உதாரணம் போதும். 1955இல் அதே ஈ.ஸி. வெளியிட்ட 'இம்பாக்ட்' முதல் இதழில் 'மாஸ்டர் ரேஸ்' என்ற கதை வந்தது. எழுதியவர் அல் ஃபெல்ட்ஸ்டைன், வரைந்தவர் பெர்னார்ட் கிரிக்ஸ்டைன். ஆறு பக்கம் என்று கொடுத்தார்கள். பன்னிரண்டு வேண்டும் என்றார் கிரிக்ஸ்டைன். எட்டு கிடைத்தது. நியூயார்க் பாதாள ரயிலில் ரைஸ்மன் என்பவன் எதிரில் உட்கார்ந்த கறுப்பு உடைக்காரனைக் கண்டு நடுங்குகிறான். பெல்ஸன் முகாமின் நினைவுகள் வருகின்றன. அவன் முகாமில் சித்திரவதைப்பட்டவன் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவன்தான் முகாமை நடத்தியவன். ஓடுகிறான், பிளாட்பாரத்தின் விளிம்பில் சறுக்குகிறான், ரயில் வந்துவிடுகிறது.

கதை இவ்வளவே. சாதாரணத் திருப்பம். ஆனால் இடம் போதாமல் கிரிக்ஸ்டைன் கட்டங்களைக் கீற்றுகளாக அரிந்தார். விழுகிற ஒரு விநாடி மெல்லிய கட்டங்களின் வரிசையாக நீள்கிறது. ரயில் பாயும்போது ஜன்னல்களில் ஒரே முகங்கள் பன்மடங்காகி ஓடுகின்றன. ஒரு சாவைப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்க முடியும் என்ற கேள்விக்கு உருவம் கொடுத்த விடை இது. முகாம்களைப் பற்றி வெகுஜன சாதனங்கள் அதிகம் வாய் திறக்காத காலத்தில், பத்து சென்ட் இதழில் வந்தது. கவனித்தவர்கள் சிலரே. கிரிக்ஸ்டைன் சில ஆண்டுகளில் இந்தத் துறையை விட்டுப் பள்ளியில் ஓவியம் கற்பிக்கப் போய்விட்டார்.

அந்த எட்டுப் பக்கங்களைக் காப்பாற்றியது பல்கலைக்கழகம் அல்ல. லாபம் பாராமல் ரசிகர்கள் நடத்திய ஒரு சிறு பத்திரிகை. 1975இல் 'ஸ்குவா ட்ரான்ட்' என்ற அந்தப் பத்திரிகையில் இந்தக் கதையைக் கட்டம் கட்டமாக ஆராயும் கட்டுரை ஒன்று வந்தது. அதை எழுதிய மூவரில் ஒருவர் ஆர்ட் ஸ்பீகல்மன். 1980இல் அவரும் ஃபிரான்ஸ்வாஸ் மூலியும் 'ரா' என்ற சிறு பத்திரிகையைத் தொடங்கினார்கள். பெரிய அளவுள்ள அந்த இதழுக்குள் சிறு புத்தகமாகச் செருகப்பட்டு 'மௌஸ்' அத்தியாயம் அத்தியாயமாக வந்தது. ஆஷ்விட்ஸிலிருந்து பிழைத்த தகப்பன் விளாடெக், மகனிடம் தன் கதையைச் சொல்கிறான். யூதர்கள் எலிகள், ஜெர்மானியர்கள் பூனைகள். முதல் அத்தியாயத்தில் விளாடெக் உடற்பயிற்சி சைக்கிளை மிதித்துக்கொண்டே பேசுகிறான். கைப்பிடியின் மேல் இருக்கிற கையில் முகாமில் குத்திய எண் தெரிகிறது. எழுத்து அந்த எண்ணைப் பற்றி அங்கே ஒன்றும் சொல்வதில்லை. டோப்ஃபர் சொன்னது இங்கே முழுமையடைகிறது. புத்தகம் 1986இலும் 1991இலும் இரண்டு பாகங்களாக வந்தது; 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது. 2022 ஜனவரியில் டென்னஸி மாநிலத்தில் ஒரு பள்ளி நிர்வாகக் குழு, சில வசைச் சொற்களுக்காகவும் ஒரு சிறு நிர்வாணப் படத்துக்காகவும் அதைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது.

ஜப்பானிலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது கெய்ஜி நகஸாவாவுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடச் சுவர் ஒன்று அவரை மறைத்தது. தகப்பனும் அக்காவும் தம்பியும் இடிந்த வீட்டுக்கடியில் மாண்டார்கள். 1966இல் தாய் இறந்து எரித்தபின் எலும்புகூட உருப்படியாக மிஞ்சவில்லை. அந்தக் கோபத்தில்தான் குண்டைப் பற்றி வரையத் தொடங்கினார். 1973இல் சிறுவர் வாரப் பத்திரிகை ஒன்றில் 'வெறுங்கால் கென்' ஆரம்பித்தது. அங்கே நின்றபின், ஆசிரியர் சங்கப் பத்திரிகை உள்படச் சிறிய பத்திரிகைகளில் தொடர்ந்தது. இதுவும் மாட்ஸுயே நகரப் பள்ளிகளில் 2012இல் மாணவர் கைக்கு எட்டாமல் வைக்கப்பட்டு, எதிர்ப்பு வந்தபின் 2013இல் திரும்ப வந்தது.

4

ஆகவே நண்பருக்கு நான் சொன்ன வரிசை இது. முதலில் கிரிக்ஸ்டைனின் எட்டுப் பக்கங்கள். ஒரு முறை கதைக்காக, ஒரு முறை எழுத்தை மூடிக்கொண்டு படங்களை மட்டும், ஒரு முறை கட்டங்களின் அகலத்தை மட்டும் பார்த்து. பிறகு 'மௌஸ்' இரண்டு பாகங்களும். பிறகு 'கென்'னின் முதல் தொகுதி. அதன் கோடு நாசூக்கானதல்ல, முகங்கள் சிறுவர் பத்திரிகை முகங்களே, அதைப் பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும். அதன்பின் டோப்ஃபருக்குத் திரும்பினால் அந்தச் சிரிப்பு எதற்கெல்லாம் வழி விட்டது என்பது தெரியும். கடைசியாக 2011இல் வந்த 'பீமாயணம்'. தமிழிலும் கிடைக்கிறது. அம்பேத்கருக்குத் தண்ணீரும் தங்க இடமும் மறுக்கப்பட்ட கதையை, பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்திருக்கிறார்கள். மனிதர்களைக் கட்டங்களுக்குள் அடைக்க அவர்கள் மறுத்துவிட்டார்கள். தங்கள் வீட்டுச் சுவரிலும் தரையிலும் போடுகிற திக்னாக் கோலத்தையே பக்கத்தைப் பிரிக்கும் கோடாக வைத்துக்கொண்டார்கள். ஜெனிவாவில் போட்ட கட்டம் கட்டாயமில்லை என்பதை மற்ற நான்கையும் படித்தவரே சரியாக உணர முடியும்.

வெர்தமைப் பற்றி இன்னும் ஒன்று. 1973இல், முதுமையில், அவர் ஒரு சிறு நூல் எழுதினார். காமிக்ஸ், விஞ்ஞானக் கதை ரசிகர்கள் தங்கள் கைக்காசில் நடத்தும் சிறு பத்திரிகைகளைப் பற்றியது. வியாபாரத்துக்கு வெளியே நடக்கும் ஆரோக்கியமான உரையாடல் என்று அவற்றைப் பாராட்டினார். இரண்டு ஆண்டுகள் கழித்து அத்தகைய ஒரு பத்திரிகையில்தான் கிரிக்ஸ்டைன் பற்றிய கட்டுரை வந்தது.

நண்பர் எட்டுப் பக்கங்களை வாங்கிப் போய் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார். முடித்துவிட்டேன் என்றார். ரயில் ஜன்னலில் எத்தனை முகங்கள் என்று கேட்டேன். மறுபடி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.