பட்லர்ஸ் வார்ஃப்

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், டவர் பாலத்துக்குச் சற்றுக் கிழக்கே உள்ள பழைய கிடங்குத் தொகுதி. இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு. தரைத்தளத்தில் கடைகளும் உணவகங்களும்.

1871-73இல் கட்டப்பட்டது.

ஆற்றை ஒட்டி ஒரு கட்டடம், பின்னால் ஷாட் தேம்ஸ் என்ற ஒடுங்கிய தெரு, அதற்கப்பால் மேலும் கிடங்குகள். தெருவுக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக இரும்புப் பாலங்கள் ஓடுகின்றன. படகிலிருந்து தூக்கிய சரக்கைத் தெருவில் இறக்காமலே பின்கட்டடத்துக்கு உருட்டிச் செல்லும் வழி அது. இன்று அந்தப் பாலங்கள் படம் எடுப்போரை ஈர்க்கின்றன. தேயிலை, காப்பி, மிளகு, கிராம்பு, சர்க்கரை, தானியம் என இங்கே குவியாதது குறைவு. இலங்கை மலையகத்தில் தமிழ்த் தொழிலாளர் பறித்த தேயிலையும் அதில் அடக்கம்.

கொள்கலன் கப்பல்கள் வந்ததும் கதை முடிந்தது. அவற்றுக்கு ஆழமான துறையும் அகன்ற முற்றமும் வேண்டும். இரண்டும் உள்ள டில்பரித் துறைமுகத்துக்கு வணிகம் இடம்பெயர்ந்தது. 1972இல் பட்லர்ஸ் வார்ஃப் மூடப்பட்டது. வெறுமையான தளங்களை மலிவு வாடகைக்கு எடுத்தவர்கள் ஓவியரும் சிற்பிகளும். திரைப்பட இயக்குநர் டெரெக் ஜார்மனும் அவர்களில் ஒருவர். இந்த இடம் வாழத் தகுந்தது என்று முதலில் காட்டியவர்கள் அவர்களே. 1979இல் தீப்பிடித்த பிறகு அவர்களுக்கு இங்கே இடமில்லாமல் போயிற்று.

1980களில் வடிவமைப்பாளர் டெரன்ஸ் கான்ரன் தலைமையிலான குழு சீரமைப்பில் இறங்கியது. கட்டட வேலையில் கரிம உமிழ்வு பற்றி அன்று அதிகம் பேசப்படவில்லை. மரபுச் சட்டப் பாதுகாப்பும் ஆற்றோர நிலத்தின் விலையுமே சுவர்களைக் காப்பாற்றின. ஆனாலும் பலன் ஒன்றுதான்: ஏற்கெனவே சுட்ட செங்கல்லும் உருக்கிய இரும்பும் குப்பைக்குப் போகவில்லை. மூட்டைகளின் பாரம் தாங்கக் கட்டிய தளத்துக்குக் கட்டிலும் அலமாரியும் ஒரு சுமையா? இத்தகைய மாற்றங்களில் உண்மையான சிக்கல் வெளிச்சம்தான். கிடங்கின் நடுப்பகுதிக்குச் சாளரம் எட்டாது. சரக்குக்கு அது தேவைப்பட்டதில்லை, மனிதருக்குத் தேவை. குளியலறை, மின்தூக்கி போன்றவற்றை அந்த இருட்டில் ஒதுக்கிவிட்டு, அறைகளை ஓரத்துக்கு நகர்த்துவது வழக்கம்.

கணக்கு எளிதாகக் கைகூடவில்லை. வீட்டுச் சந்தை சரிந்ததில் 1990இல் மேம்பாட்டு நிறுவனம் கடனில் மூழ்கியது. மாறாக, பக்கத்து வாழைப்பழக் கிடங்கில் 1989இல் திறந்த வடிவமைப்பு அருங்காட்சியகம் நிலைத்தது. 2016இல் அது கென்சிங்டனுக்கு மாறியபோது புகுந்ததும் இன்னொரு பழைய கட்டடத்தில்தான்: 1962இல் திறந்த காமன்வெல்த் நிலையம். அதன் வளைந்த கூரையை மட்டும் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கீழேயிருந்த தளங்களை அகற்றிப் புதிதாகக் கட்டினார்கள்.