புரூக்ளின் நகரத்து எபட்ஸ் மைதானம்

அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநகரில் புரூக்ளின் என்னும் பகுதி உண்டு. அங்கே எபட்ஸ் மைதானம் என்றொரு பேஸ்பால் அரங்கம் இருந்தது. பேஸ்பால் என்பது நாமறிந்த கிரிக்கெட்டுக்கு ஒருவகையில் உறவான ஆட்டம். அவ்வரங்கம் மறைந்து அறுபதாண்டுகளுக்கு மேலாகியும் அதனைப் பற்றிப் பேசுவோர் குறையவில்லை.

பிற்காலத்தில் டாட்ஜர்ஸ் என்றே பெயர் நிலைத்த குழுவின் தலைவர் சார்ல்ஸ் எபட்ஸ். பன்றியூர் என்று பொருள்படும் பெயருடைய ஏழைச் சேரியில், குப்பைமேடாய்க் கிடந்த நிலத்தை, 1908 முதல் சிறு துண்டுகளாக அவர் இரகசியமாய் வாங்கினார். நோக்கம் வெளிப்பட்டால் விலை ஏறிவிடுமன்றோ! கட்டடச் செலவுக்குக் கைப்பொருள் போதாமையால் குழுவின் பாதி உரிமையை மெக்கீவர் சகோதரர்க்கு விற்றார். 1913 ஏப்ரலில் அரங்கம் திறந்தது. முகப்பு மண்டபத்திற்குச் சலவைக்கல் தளம். மேலே மட்டையும் பந்துமாய் வடித்த சரவிளக்கு. இவ்வளவும் செய்தவர்கள் பத்திரிகையாளர் அமர இடம் வைக்க மறந்துவிட்டனர்!

எனினும் இவ்வரங்கத்தின் பெருமை சலவைக்கல்லில் இல்லை. அந்நாட்டின் பெருங்குழுக்களில் அறுபதாண்டுகளுக்கு மேலாகக் கறுப்பினத்தார்க்கு இடமில்லை. அதற்கு எழுதிய சட்டம் எதுவும் கிடையாது. எழுதாத வழக்கமே சட்டமாய் ஆண்டது. சாதியை அறிந்த நமக்கு இது விளங்காததன்று. அவ்வழக்கத்தை உடைக்கத் துணிந்தவர் டாட்ஜர்ஸ் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி. அவர் வருமானக் கணக்கும் பார்த்தவரே. அதனால் செய்கையின் மதிப்புக் குன்றிவிடாது. 1947 ஏப்ரல் 15ஆம் நாள் ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின இளைஞர் இக்களத்தில் இறங்கினார். சொந்தக் குழுவினரிலேயே சிலர் அவரோடு ஆட மாட்டோமென்று முன்னரே முணுமுணுத்திருந்தனர். எதிர்க்குழுவினர் சிலர் வாய்கூசாமல் வைதனர். அவர் வாய்திறவாமல் ஆடினார். அவ்வாண்டின் சிறந்த புதிய ஆட்டக்காரர் என்னும் விருது அவரையே சேர்ந்தது.

1955இல் டாட்ஜர்ஸ் உலகத் தொடரை வென்றது; புரூக்ளினுக்கு வாய்த்தது அவ்வொரு வெற்றியே. அதற்குள் மோட்டார் வண்டிகளின் காலம் வந்துவிட்டது. பழைய அரங்கில் அவற்றை நிறுத்த இடமில்லை. புதிய அரங்கத்திற்கு உரிமையாளர் வால்டர் ஓ'மாலி கேட்ட நிலத்தை நகராட்சியார் தரவில்லை. 1957 செப்டம்பர் 24ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தைக் காண வந்தோர் 6,702 பேர். மறு ஆண்டு குழு லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போயிற்று. புரூக்ளின் மக்கள் ஓ'மாலியை மன்னிக்கவேயில்லை.

1960 பிப்ரவரியில், அடுக்குமாடி வீடுகளுக்கு இடம்விட, அரங்கத்தை இடிக்கத் தொடங்கினர். இடிக்கும் இரும்புக் குண்டுக்குப் பேஸ்பால் பந்தைப் போலவே வர்ணம் தீட்டியிருந்தார்கள். அன்று ராய் காம்பனெல்லாவும் வந்திருந்தார். ராபின்சனுக்கு மறு ஆண்டே அக்குழுவில் சேர்ந்த கறுப்பின வீரர். 1958இல் மோட்டார் விபத்தில் முடங்கிச் சக்கர நாற்காலியில் அமர்ந்தவர். அவர் குந்தியிருந்து பந்து பிடித்த இடத்து மண்ணை ஒரு கலசத்தில் இட்டு அவர் கையில் கொடுத்தார்கள்.