பாதுகையும் செருப்பும்

பாதுகை வேறு, செருப்பு வேறு என்பது நம்மவரிடையே வேரூன்றிய எண்ணம். பாதுகை என்றால் பொன்னும் மணியும் இழைத்தது. ஸ்ரீபரதாழ்வான் முடிமேல் தாங்கியது. ஸ்வாமி தேசிகன் 1008 ச்லோகங்களால் துதித்தது. செருப்பு என்றால் தோலால் தைத்தது, வாசலில் கழற்றிவிடுவது, பெரியோர் முன் பெயர் சொல்லவும் கூசுவது. பொருளை இப்படி இரண்டாகப் பிரித்ததோடு நில்லாமல், அதைச் செய்தவர்களையும் அந்தப் பிரிவின் ஒரு பக்கத்தில் நிறுத்திவிட்டோம். இதற்கு நம் நூல்களில் இடமுண்டா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் விசாரம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். வீட்டிலேயே அமரம் நெட்டுருப் பண்ணியவர்களுக்கு இது புதிதன்று. அமரஸிம்ஹன் பாதுகா, பாதூ, உபாநத் ஆகிய மூன்றையும் ஒரே வரிசையில் பர்யாயமாக வைக்கிறான். வைத்த இடம் எது? சூத்ரவர்க்கம், கைத்தொழில்களும் அவற்றின் கருவிகளும் சொல்லப்படும் இடம். அதே வர்க்கத்தில் சற்று முன்னே தோல் தைப்பவனான சர்மகாரனுக்கு ‘பாதூக்ருத்’ என்று பெயர் சொல்கிறான். அதாவது பாதுகை செய்பவன் யார் என்றால் தோல் தைப்பவன்தான். இதைச் சிறுவயதில் ஒப்பித்த எத்தனை பேர் நின்று பொருள் நினைத்திருப்போம்! பாணினியின் காலத்திலேயே காலளவுக்குச் சரியாக அமைந்த பாதரக்ஷைக்கு ‘அநுபதீநா’ என்று தனிச்சொல் இருந்தது. காலை அளந்து தைக்கும் தேர்ந்த தொழில் இல்லாமல் அப்படியொரு சொல் பிறக்காது.

தோல் அசுத்தமாயிற்றே என்பார்கள். சதபத ப்ராஹ்மணம் ராஜஸூயத்தில் அபிஷிக்தனான அரசனுக்குப் பன்றித்தோல் பாதரக்ஷையை விதிக்கிறது. யாகத்தின் நடுவே தோல் வருகிறது, விலக்கப்படவில்லை. இதைவிடத் தெளிவான இடம் மஹாபாரதத்தின் ஆநுசாஸநிக பர்வம். ச்ராத்தம் முதலிய காலங்களில் குடையும் பாதரக்ஷையும் தானமாகக் கொடுக்கிறார்களே, இதைத் தொடங்கியவர் யார் என்று தர்மபுத்ரர் கேட்க, பீஷ்மர் சொல்லும் கதை அது. ஜமதக்நி முனிவர் அம்பு எய்து விளையாடுகிறார். விழுந்த அம்புகளை ரேணுகை ஓடியோடி எடுத்து வருகிறாள். கடுங்கோடையின் நடுப்பகல். தலையும் அடியும் சுட, மர நிழலில் சற்று நின்று வருகிறாள். தாமதத்தின் காரணம் அறிந்த முனிவர் ஸூர்யனையே வீழ்த்த அம்பு தொடுக்கிறார். ஸூர்யன் அந்தணவடிவில் வந்து சமாதானம் சொல்லி, தலைக்குக் குடையும் காலுக்குச் ‘சர்மபாதுகை’யும் தருகிறான். பாதுகை என்ற சொல்லோடு தோல் என்ற சொல் இங்கே ஒரே தொகையாக நிற்கிறது. இன்றும் நம் வீடுகளில் சத்ர பாதுகா தானம் நடக்கிறது. கொடுப்பது பெரும்பாலும் கடையில் வாங்கிய செருப்புத்தான். மந்த்ரத்தில் அதற்குப் பெயர் பாதுகை.

தமிழ்ப் பக்கம் திரும்பினால், சங்கச் சான்றோர் இதற்குக் கூசியவர்களே அல்லர். பெரும்பாணாற்றுப்படையில் வழிச்செல்லும் வணிகர் அணிவது ‘அடிபுதை அரணம்’. பாதத்தை மறைக்கும் காவல் என்று பொருள். பட்டினப்பாலையில் ‘தொடுதோல்’ வருகிறது. புறநானூற்றின் 257ஆம் பாட்டில், பகைவரை விடாமல் உறுத்தும் வீரன் ஒருவன் செருப்புக்குள் புகுந்த சிறு கல்லுக்கு ஒப்பிடப்படுகிறான். நடந்து பழகிய கவிக்கே அந்த உவமை கிட்டும்.

அருளிச்செயலுக்கு வருவோம். பெரியாழ்வார் யசோதைப் பிராட்டியின் நிலையில் நின்று, கன்று மேய்க்கப் போன பிள்ளைக்குக் குடையும் செருப்பும் கொடாமல் அனுப்பிவிட்டேனே என்று நெஞ்சு வேகிறார். அடுத்த திருமொழியிலேயே, கொடுத்தும் அவன் வாங்கிக்கொள்ளாமல் போனான் என்கிறார். பரமபுருஷனுடைய திருவடிக்கு ஆழ்வார் இட்ட சொல் ‘செருப்பு’. மங்களாசாஸனமே உருவான அவர் திருவாக்கில் வந்த சொல்லை நாம் எந்த அளவுகோலால் தாழ்த்துவது? பொய்கையாழ்வார் முதல் திருவந்தாதியில் திருவனந்தாழ்வானுடைய கைங்கர்யங்களைச் சொல்லுமிடத்து ‘மரவடி’ என்றார். தேசிகன் பாதுகாஸஹஸ்ரத்தின் சேஷ பத்ததியில் பாதுகையைச் சேஷனாகக் கண்டு துதிப்பதற்கு இதுவே மூலம்.

இங்கே எதிர்க்கட்சிக்கும் ஒரு நியாயம் சொல்லவேண்டும். பாதுகாஸஹஸ்ரத்தின் முப்பத்திரண்டு பத்ததிகளில் ஒன்று யந்த்ரிகா பத்ததி. யந்த்ரிகை என்பது கட்டைவிரலும் அடுத்த விரலும் பற்றிக்கொள்ளும் குமிழ். வார் இருந்தால் குமிழ் வேண்டா. வார் என்றால் பெரும்பாலும் தோல். ஆகவே தேசிகன் அனுபவித்தது வாரில்லாத குமிழ்ப்பாதுகையே. தோல் விலக்கு பற்றிய ஆசாரம் அதன் வடிவிலேயே பதிந்திருக்கிறது என்று ஒருவர் வாதிக்கலாம். அந்த அளவில் ஒப்புக்கொள்ளத்தக்கதே. ஆனால் ஸமாக்யா பத்ததியில் பாதுகையின் பெருமைக்கு அவர் காட்டும் காரணம் பொன்னோ மரமோ அன்று. சடகோபன் என்ற திருநாமம் அதற்கு உண்டு. நம்மாழ்வாரும் பாதுகையும் ஒரு பெயரால் ஒன்றானார்கள் என்பதே. திருவடி ஸம்பந்தம்தான் ஏற்றம். செய்த பொருள் அன்று. வால்மீகி பகவானும் பரதன் பெற்ற பாதுகைகளைப் பொன்னால் அலங்கரிக்கப்பட்டவை என்றாரேயன்றிப் பொன்னால் ஆனவை என்றாரில்லை. பௌத்தருடைய தசரத ஜாதகத்தில் அவை வெறும் புல்லால் முடைந்தவை. அங்கே மூன்றாண்டு அரியணையில் இருந்து, தீர்ப்பு பிழைத்தால் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும், சரியானால் அசையாதிருக்கும். கதை நம்முடையதன்று, ஆயினும் புல்லும் அரசாளலாம் என்று கண்ட கற்பனை அழகியது.

அப்படியானால் கோயிலில் ஏன் கழற்றுகிறோம்? ஸேவாபராதங்கள் முப்பத்திரண்டைச் சொல்லும் பட்டியலில் வாஹனமேறியோ பாதுகை அணிந்தோ பகவத் க்ருஹத்துள் போவது முதலில் வருகிறது. தடுக்கப்பட்டது பாதுகை, மரமானாலும் தோலானாலும் ஒன்றே. பல்லக்கோடு சேர்த்துச் சொன்னதிலேயே காரணம் விளங்கும்: ஸ்வாமியின் முன் தாஸன் தன் பெருமையின் அடையாளங்களோடு நிற்பது தகாது. ப்ரஹ்மசாரிக்கு மநு குடையையும் பாதரக்ஷையையும் சேர்த்தே விலக்கியதும் இக்கருத்தினால்தான். பிற நாடுகளிலும் காலணி அதிகாரத்தின் சின்னம். எகிப்து தேசத்து துட்டன்காமுன் அரசனுடைய காலணியின் உட்புறத்தில் கட்டுண்ட பகைவர் உருவங்கள் தீட்டியிருந்தன. அவன் அடிவைக்குந்தோறும் அவர்களை மிதித்தான். கும்பினியார் காலத்தில், 1854இல், டல்ஹௌஸி ஆட்சியில் ஐரோப்பிய பூட்ஸ் அணிந்த இந்தியர் மட்டும் கழற்றாமல் தர்பாருக்குள் வரலாம் என்று உத்தரவாயிற்று. நாட்டுச் செருப்பணிந்தவர் கழற்றவேண்டும். காலில் இருப்பதைக் கொண்டு ஆளை அளக்கும் புத்தி எல்லாருக்கும் பொது.

நம் பக்கத்திலும் அது கடுமையாகவே இருந்தது. சேலம், நாமக்கல் சமவெளியில் ஆவாரம்பட்டையால் தோலைப் பதனிட்டு, கவலை இறைக்கும் பறியையும் உழவர் செருப்பையும் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். தாம் தைத்த செருப்பை மேல்சாதித் தெருக்களில் தாம் அணிந்து நடக்க அவர்களுக்கு இடமில்லை. வஸிஷ்ட பத்நியின் திருநாமம் தாங்கிய குலம் அது. வஸிஷ்டரோ பாதுகா பட்டாபிஷேகத்தின் காலத்தில் இக்ஷ்வாகு குலத்துக்கு ஆசார்யர்!

ஆனால் பெருமாள் வேறுவிதமாக நடந்துகொண்டான். சேந்தமங்கலத்தை அடுத்த நைனாமலையில் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் வெறுங்காலோடு படியேறி வரதராஜனைச் சேவிப்பவர்கள் பலர், நாமக்கல் வழியாகக் காவிரியைக் கடந்து கரூர்த் தான்தோன்றிமலைக்கும் போவதுண்டு. அங்கே கல்யாண வேங்கடரமணனுக்குச் ‘செம்மாலி’ ஸமர்ப்பிக்கும் வழக்கம் இருக்கிறது. செம்மாலி என்பது தோலால் தைத்த பாதரக்ஷை. அருந்ததியர் ஒருவருடைய கனவில் பெருமாள் தோன்றி அளவு சொல்வதாகவும், அவர் விரதமிருந்து தைத்துக் கொண்டுவருவதாகவும் ஐதிஹ்யம். ஸேவார்த்திகள் அதைத் தலையில் வைத்துக்கொள்கிறார்கள், சடாரியைப் போலவே. திருவரங்கத்திலும் அரங்கனுக்குத் தோல் பாதணி செய்து ஸமர்ப்பிக்கும் வழக்கம் உண்டு. வலத்தை ஓரிடத்திலும் இடத்தை வேறிடத்திலும் இருவர் ஒருவரையொருவர் அறியாமல் தைத்தும், இரண்டும் இணையாக அமையும் என்பார்கள். பேலூர்ச் சென்னகேசவனுக்கும் இக்கைங்கர்யம் உண்டு. திருமலை அடிவாரத்து அலிபிரிப் பாதால மண்டபத்தில் பித்தளைப் பாதரக்ஷைகளை பக்தர்கள் சிரஸ்ஸில் தாங்கி வலம் வருகிறார்கள். இத்தனையும் வைஷ்ணவ க்ஷேத்ரங்களில் நடப்பவை.

எம்பெருமானார் திருநாராயணபுரத்தில் திருக்குலத்தார் என்று பெயரிட்டு, ஆண்டில் மூன்று நாள் அவர்களைக் கோயிலுக்குள் வரச்செய்தார். மற்ற இடங்களில் 1939, 1947 ஆம் ஆண்டுகளின் ஆலயப் பிரவேசச் சட்டங்கள் வரவேண்டியிருந்தது. ஸ்ரீவசநபூஷணம் பாகவதர்களின் பிறப்பை ஆராய்வதைப் பெருங்குற்றமாகச் சொல்லி அதற்குள் அறுநூறு ஆண்டு ஆகியிருந்தது. காலக்ஷேபங்களில் அந்த ஸூத்ரங்களை வாசித்துக்கொண்டேதான் இருந்தோம்.

வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். கொங்கு நாட்டிலும் அதைச் சுற்றிலும் பாதரக்ஷை ஸமர்ப்பிக்கும் பெருமாள் கோயில்கள் இன்னும் சில இருக்கக்கூடும். அளவு எப்படிக் குறிக்கப்படுகிறது, விரதம் எத்தனை நாள், ஸமர்ப்பித்தவருக்குக் கோயிலில் என்ன மரியாதை, தேய்ந்த இணைகள் எங்கே வைக்கப்படுகின்றன என்பவற்றைத் தைக்கும் குடும்பத்தாரிடமே கேட்டு, அவர்கள் சொல்லும் சொற்களிலேயே குறித்து அனுப்பினால் அவற்றை இவ்விதழில் தொகுத்து வெளியிடலாம்.