கேள்வியை மறைத்து விடை பெறுதல்

நோயாளி ஒருவர் தம் நோயைப் பற்றிக் கணிப்பொறித் தொகுப்பு ஒன்றில் தேடுகிறார். விடை கிடைக்கிறது. ஆனால் அவருக்கு இன்ன நோய் என்பது தொகுப்பை வைத்திருப்பவருக்கும் தெரிந்துவிடுகிறது. சங்கேத மொழியில் கேட்டாலும் பயனில்லை. கேள்வி புரிந்தால்தானே அவர் விடை தர முடியும்! கேள்வியையே மறைக்க வழி உண்டா?

1995-இல் சோர், கோல்ட்ரைக், குஷிலெவிட்ஸ், மது சூடான் ஆகிய நால்வர் இதை ஆராய்ந்தனர். (மது சூடான் சென்னையில் பிறந்தவர்.) ஒரே கணிப்பொறி என்றால், முழு இரகசியத்துக்குத் தொகுப்பு முழுவதையுமே வாங்கியாக வேண்டும் என்று நிறுவினர். இரு கணிப்பொறிகளில் ஒரே தொகுப்பின் படிகள் இருந்தாலோ, கதை வேறு.

தொகுப்பு 1 0 1 1 1 0 0 1 என்க. நமக்கு வேண்டியது ஐந்தாம் இலக்கம். ஒவ்வோர் இடத்துக்கும் காசு சுண்டுகிறோம். 2, 3, 7 ஆகிய இடங்களுக்குத் தலை விழுகிறது. அவற்றின் கூட்டுத்தொகை ஒற்றையா இரட்டையா என்று முதற் கணிப்பொறியைக் கேட்கிறோம். "ஒற்றை" என்கிறது. இரண்டாவதிடம் 2, 3, 5, 7 பற்றிக் கேட்கிறோம். (ஐந்து முன்பே பட்டியலில் இருந்திருந்தால், அதை நீக்கிக் கேட்போம்.) "இரட்டை" என்கிறது. விடைகள் மாறுபடுவதால் ஐந்தாம் இலக்கம் 1. ஒவ்வொன்றும் கண்டது காசு சுண்டிய பட்டியலை மட்டுமே. இரு நண்பர்களை வைத்து நீங்களே செய்து பார்க்கலாம். அவர்கள் கூடிப் பேசினால் மட்டும் குட்டு வெளிப்பட்டுவிடும்!

குறை ஒன்று: கேள்வி தொகுப்பின் அளவுக்கே நீள்கிறது. அதை ஏறத்தாழத் தொகுப்பின் கனமூல அளவுக்கு நால்வரும் சுருக்கினர்.

வியப்பு என்னவென்றால், இந்த வித்தை பிழைதிருத்தும் குறியீடுகளில் முன்பே ஒளிந்திருந்தது. ஹடமார்டு குறியீட்டில், செய்தியின் எல்லா உட்கணங்களுக்கும் ஒற்றை-இரட்டை விடைகள் எழுதப்படுகின்றன. 1971-இல் செவ்வாயைச் சுற்றிய மரைனர்-9 இவ்வினத்துக் குறியீட்டில்தான் படங்களை அனுப்பியது. சில இலக்கங்கள் வழியில் சிதைந்தாலும், குருட்டாம்போக்கில் தேர்ந்த இரண்டு இடங்களைப் படித்து மூல இலக்கத்தைப் பெரும்பாலும் மீட்கலாம். அந்த இரண்டு இடங்களையும் இரு கணிப்பொறிகளிடம் பிரித்துக் கேட்டால், அதுவே நம் விளையாட்டு! பழுதுக்கு அஞ்சிச் செய்த ஏற்பாடு, ஒற்றுப் பார்ப்பவனுக்கும் தடையாகிறது. 2000-இல் காட்ஸ், டிரெவிசான் இருவரும் இத்தகைய குறியீடுகளுக்கு முறையான வரையறை தந்து இவ்வுறவைத் தெளிவாக்கினர்.

அதன்பின் குறியீட்டைச் சுருக்கினால் கேள்வியும் சுருங்கும் என்றாயிற்று. 2007-இல் யெகானின், அன்று அறியப்பட்ட மிகப் பெரிய மெர்சென் பகா எண்ணைக் கொண்டு, மூன்று கணிப்பொறிகளுக்கான கேள்வியை வெகுவாகச் சுருக்கினார். இரு கணிப்பொறிகளுக்கோ கனமூல எல்லை இருபது ஆண்டுகள் அசையாமல் நின்றது; 2015-இல் ட்விர், சிவகாந்த் கோபி இருவரும் அதை உடைத்தனர்.