பெயர் தேடிய கதாசிரியை

1967 ஆம் ஆண்டிலே, அமெரிக்க நாட்டின் கலிபோர்ணிய மாநிலத்தில் பேர்க்கிளி என்னும் நகரிலிருந்த சிறு பதிப்பாளர் ஒருவர், ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் வாழ்ந்த எழுத்தாளர் ஒருவரிடம் ஒரு நூல் கேட்டார். பதிப்பகத்தின் பெயர் பார்னாசஸ். பதிப்பாளர் ஹேர்மன் ஷைன். எழுத்தாளர் ஊர்சுலா லெ குவின் அம்மையார். பதினொரு வயதும் அதற்கு மேலும் உள்ள இளைஞர் படிக்கத்தக்க நூலாக இருத்தல் வேண்டும். பொருள் எதுவாயினும் ஆகுக என்பதே வேண்டுகோள். இளைஞருக்கென்று அவர் அதுவரை எதுவும் எழுதியவரல்லர். முதலில் தயங்கிப் பின்னர் இசைந்தார். அடுத்த ஆண்டில் வெளிவந்தது, 'எர்த்சீயின் மந்திரவாதி' எனப் பொருள்படும் பெயருடைய நாவல். மண்ணையும் கடலையும் குறிக்கும் இரு சொற்களை இணைத்து அமைத்த பெயர் எர்த்சீ. நூற்றுக்கணக்கான தீவுகள் கொண்டதொரு கற்பனை உலகம் அது.

இந்நூல் எவ்வாறு பிறந்தது என்பதை அம்மையாரே 1973 இல் ஒரு கட்டுரையில் விளக்கியிருக்கின்றார். மந்திரவாதி என்றதும் நரைத்த தாடியுடைய கிழவரே நம் மனக்கண்ணில் தோன்றுவர். அக்கிழவர் பதினைந்து வயதில் எப்படி இருந்திருப்பார்? அத்தனை வித்தையையும் அவர் எங்கே கற்றார்? இவ்வினாக்களே வித்து. மந்திரம் கற்பிக்கும் பள்ளி ஒன்றும், அதிலே செருக்கு மிகுந்த ஏழைச் சிறுவன் ஒருவனும் இவ்வாறு உருவாயினர். இங்கிலாந்துப் பெண்மணி ஒருவர் எழுதிய மந்திரப் பள்ளிக் கதைகள் 1997 முதல் உலகெங்கும் பரவியமை நேயர்கள் அறிந்ததே. அவற்றுக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முந்தியது லெ குவினின் பள்ளி.

தீவுகள் முன்பே இருந்தன. 1964 இல் சஞ்சிகை ஒன்றில் அவர் வெளியிட்ட இரு சிறுகதைகள் தீவுகளிலே நிகழ்ந்தவை. ஒருவனுடைய மெய்ப்பெயரை அறிந்தவன் அவன்மீது ஆதிக்கம் பெறுவான் என்ற கருத்தும் அவற்றில் உண்டு. நாவலுக்கு அமர்ந்தபோது அவர் முதலில் செய்தது, பெரிய தாள் ஒன்றை விரித்து அத்தீவுகள் அனைத்தையும் படமாக வரைந்தமையே. கதையின் பயணங்கள் யாவும் அப்படத்திலிருந்து எழுந்தன. திட்டமிட்டு உலகங்களைக் கட்டியவன் தானல்லன் என்றும், உள்ளத்தின் ஆழத்தில் கிடந்தவற்றைத் தேடிக் கண்டவளே தான் என்றும் அவர் கூறுவார். பெயர்களையும் அவர் ஆக்கவில்லை. காது கொடுத்துக் கேட்டார். ஓசை சரியாக அமையும்வரை அந்தப் பாத்திரத்தைப்பற்றி எழுதுதல் அவருக்கு இயலாது. கதாநாயகனின் பெயராகிய 'கெட்' என்னும் ஓரசைச் சொல்லுக்காக நெடுநாள் காத்திருந்தாராம். படத்திலுள்ள மூன்று சிறு தீவுகளுக்கு மட்டும் தம் பிள்ளைகளின் செல்லப் பெயர்களைச் சூட்டிவிட்டார். மூன்று பிள்ளைகளையும் உறங்க வைத்தபின், இரவு நேரத்திலேயே எழுத்து வேலை நடந்த வீடு அது. வரலாற்றுப் பேராசிரியரான கணவர் வீட்டுச் சுமையைப் பகிர்ந்துகொண்டமையை அவர் பலமுறை நன்றியுடன் குறிப்பிட்டுள்ளார்.

கதையுலகில் ஒவ்வொருவருக்கும் இரு பெயர்கள். கெட் என்பது அச்சிறுவனின் மெய்ப்பெயர். உற்ற நண்பர் ஓரிருவரே அதை அறிவர். ஊரார் அவனை வல்லூறு என்றே அழைப்பர். தன் வல்லமையைக் காட்டும் வெறியில் அவன் இருளுலகிலிருந்து ஒரு நிழலை வெளியே விட்டுவிடுகின்றான். பெயரற்ற அந்நிழல் அவனைத் துரத்துகின்றது. பின்னர் அவன் அதைத் துரத்துகின்றான். ஈற்றில், உலகின் விளிம்பில், அதற்குத் தன் சொந்தப் பெயரையே சொல்லி அழைக்கின்றான். வாளும் போரும் இன்றி வீரக் கதை ஒன்று முடிவு பெறுதல் அக்காலத்தில் அரிது.

பெயரைப்பற்றிய இக்கருத்து எங்கிருந்து வந்தது? நம் கிராமங்களிலே கணவன் பெயரை வாயால் உச்சரியாத மூதாட்டியரை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பெயரை மறைக்கும் வழக்கம் பல இனத்தாரிடம் உண்டு. லெ குவின் வளர்ந்த வீட்டிலோ அத்தகைய வழக்கங்களை ஆராய்வதே தந்தையின் தொழில். அல்பிரட் குரோபர் என்னும் அப்பெரியார் பேர்க்கிளிப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறையை நிறுவியவர். கோடை விடுமுறையில் நாப்பா பள்ளத்தாக்கிலிருந்த அவர்களது பண்ணை வீட்டுக்கு அமெரிக்க ஆதிக்குடி நண்பர்கள் வந்து தங்குவர். ஃபிரேசரின் தொன்மக் கதைகளைச் சிறுவர்க்கென எழுதிய நூலொன்றைச் சிறுமி ஊர்சுலா விரும்பிப் படித்தாள். சீன ஞானி லாவோ சூவின் நூலைத் தந்தை அடிக்கடி புரட்டுவார். தம் இறுதிச் சடங்கில் வாசிக்கவேண்டிய பகுதிகளையும் அதில் குறித்து வைத்திருந்தார். அந்நூலின் ஆங்கில வடிவம் ஒன்றை மகள் 1997 இல் வெளியிட்டார். ஒளியும் இருளும் சமன்பெறல் வேண்டும், செயலற்றிருத்தலும் ஒரு செயலே என்ற எர்த்சீயின் நெறி அச்சீன நூலிலிருந்தே வந்தது.

அக்குடும்பத்தின் வரலாற்றிலே பெயர் சொல்லாத மனிதர் ஒருவரும் இருக்கின்றார். அவரைப்பற்றிச் சற்று விரித்துக் கூறுதல் தகும். 1849 இன் பொன் வேட்டைக்குப் பின்னர் கலிபோர்ணியாவில் குடியேறிய வெள்ளையர் யாஹி என்னும் சிறு குலத்தாரைக் கொன்று குவித்தனர். எஞ்சிய சிலர் மலைகளில் பல்லாண்டுகள் ஒளிந்து வாழ்ந்து மடிந்தனர். 1911 ஓகஸ்ட் மாதத்தில் ஓரோவில் என்ற ஊருக்கு அருகே, ஆடுமாடு அறுக்கும் கொட்டிலொன்றில், பசியால் மெலிந்த ஒருவர் அகப்பட்டார். அவரே அக்குலத்தில் எஞ்சிய ஒருவர். அவரைச் சான்பிரான்சிஸ்கோவிலுள்ள பல்கலைக்கழக நூதனசாலைக்கு அழைத்துச் சென்றனர். பத்திரிகையாளர் பெயர் கேட்டு நெருக்கினர். தம் குல மரபுப்படி அவர் தம் பெயரைத் தாமே சொல்லமாட்டார்; அவருக்காக அதைச் சொல்லவோ அவர் இனத்தில் ஒருவருமில்லை. குரோபர் அவருக்கு 'இஷி' என்று பெயரிட்டார். யானா மொழியில் அதற்கு மனிதன் என்பது பொருள். 1916 இல் காசநோயால் இறக்கும்வரை இஷி தம் மெய்ப்பெயரை வெளியிடவில்லை.

அவர் மறைந்தபோது குரோபர் நியூயோர்க்கில் இருந்தார். உடலை அறுத்துச் சோதிக்கலாகாது என்று வன்மையாகக் கடிதம் எழுதினார், கடிதம் பயன்படவில்லை. ஆயின், எடுக்கப்பட்ட மூளையைப் பின்னர் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிலையத்துக்கு அனுப்புவித்தவரும் அதே குரோபர்தான். அது 2000 ஆம் ஆண்டிலேயே அவரது உறவுக் குலத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது. குரோபரின் பெயர் தாங்கிய பேர்க்கிளி மண்டபத்திலிருந்து அப்பெயரும் 2021 இல் நீக்கப்பட்டது. அன்புடையவரே ஆயினும் அறிஞர் ஒருவரின் கையில் மனிதர் ஒருவர் பொருளாகிவிடக்கூடும் என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. அதை மூடி மறைத்து அறிஞரைப் புகழ்தல் முறையன்று.

லெ குவின் பிறந்தது 1929 இல்; இஷியை அவர் கண்டவரல்லர். சிறு வயதில் அவரைப்பற்றி வீட்டில் அதிகம் பேசப்படவுமில்லை. தாயார் தியடோரா 1961 இல் இஷியின் வரலாற்றை எழுதியபோதே அக்கதை உலகறிந்தது. 1964 இல் இளைஞருக்கென அதை மறுபடி எழுதினார். அந்த நூலை வெளியிட்டது, நேயர்களே, பார்னாசஸ் பதிப்பகமே. படம் வரைந்தவர் ரூத் ரொபின்ஸ். நான்கு ஆண்டுகளின் பின் மகளின் நூலுக்கும் அதே பதிப்பகம், அதே ஓவியர். இஷியின் மௌனத்திலிருந்தே கெட்டின் மறைபெயர் பிறந்தது என்று துணிந்து கூறிவிடுதல் ஆகாது. ஆயினும், பெயரைக் கொடுத்தல் தன்னையே கொடுத்தல் என்ற உணர்வு, தாயின் நூலிலும் மகளின் நூலிலும் ஒருங்கே நிற்கின்றது.

இன்னொன்று. கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவன் தோழன் கருநிறத்தவன். எர்த்சீயின் மக்களுள் பெரும்பாலோர் கறுப்பரும் மாநிறத்தாருமே. கொள்ளைக்கு வரும் கார்க் நாட்டாரே வெள்ளையர். 1968 இல் இதை அவர் வேண்டுமென்றே செய்தார். ஆனால் முதலிலேயே உரத்துச் சொல்லாமல், வாசகன் கெட்டின்மேல் அன்பு கொண்டபின் அறியுமாறு வைத்தார். பின்னர் வந்த பதிப்புகளின் அட்டைகளிலோ கெட் வெள்ளையனாகிவிட்டான். 2004 இல் வந்த தொலைக்காட்சிப் படமும் அவ்வாறே செய்ய, அவர் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார்.

இரண்டாம் நாவல், ஒரிகனின் தென்கிழக்குப் பாலைநிலத்துக்கு அவர் மேற்கொண்ட சிறு பயணத்தின் பயன். 1971 இல் நூலாயிற்று. அதிலே தெனார் என்னும் சிறுமியின் பெயரைப் பறித்துவிட்டு, அவளை இருட் கோயிலின் பூசகியாக்குகின்றனர். கெட் அவளுக்கு அப்பெயரை மீட்டுக் கொடுக்கின்றான். மூன்றாவது நாவல் 1972 இல் வந்து, அடுத்த ஆண்டு அமெரிக்க தேசிய நூற்பரிசைப் பெற்றது.

அதன்பின் பதினெட்டு ஆண்டுகள் எர்த்சீயில் மௌனம். காரணம் எளிதன்று. அம்மூன்று நூல்களிலும் பெரும் மந்திரவித்தை ஆடவருக்கே உரியது. பெண்ணின் மந்திரம் பலவீனமானது என்று பழமொழியே வழங்கும். பெண்ணாயிருந்தும் ஆடவரின் வீரக் கதை மரபை ஆராயாமல் ஏற்றுக்கொண்டதை லெ குவின் பின்னாளில் உணர்ந்தார். முன்னைய நூல்களைத் திருத்தி எழுதவில்லை. அவற்றை அவ்வாறே விட்டு, 1990 இல் 'தெஹானு' என்ற நான்காம் நூலை எழுதினார். அதில் தெனார் நடுவயது விதவை, பண்ணைப் பெண். கெட் தன் ஆற்றலனைத்தையும் இழந்து அவள் வீட்டை நாடி வருகின்றான். தீயிலிட்டுச் சிதைக்கப்பட்ட குழந்தை ஒன்றை அவள் வளர்க்கின்றாள். பழைய வாசகர் சிலர் சினந்தனர். என் கருத்தில் நான்கனுள் கடினமானதும் சிறந்ததும் அதுவே.

2001 இல் மேலும் இரு நூல்களோடு தொடர் நிறைவுற்றது. 2018 சனவரி 22 ஆம் நாள் அவர் போர்ட்லண்டில் காலமானார். அவ்வாண்டின் பிற்பகுதியில் எல்லாக் கதைகளும் ஒரே பெருநூலாக வெளிவந்தன. அதன் ஓவியரான சார்ள்ஸ் வெஸ், அம்மையாருடன் சில ஆண்டுகள் கலந்து பேசியே படங்களை வரைந்திருந்தார். அப்படங்களிலே கெட் செம்பழுப்பு நிறத்தவனாகவே நிற்கின்றான்.